குப்பை என்பது ஒரு பொருளன்று

“சுத்தம் சோறு போடும்” என்பது நம் பாட்டிமார் வாக்கு. சுத்தம் சோறு போடுமோ போடாதோ, அசுத்தம் ஆளையே விழுங்கிவிடும் என்பதை இந்நாடு கண்ணாரக் கண்டிருக்கிறது. 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 14-ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளில், கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் பல்லாண்டுகளாகக் குவிந்து கிடந்த குப்பை மலை சரிந்து, அடிவாரத்து வீடுகளின்மீது வீழ்ந்தது. 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த மலையை எந்தப் பகைவனும் வந்து கட்டிவிட்டுப் போகவில்லை. தலைநகரத்து அடுக்களைகளிலிருந்து நாள்தோறும் ஒவ்வொரு பையாகப் போய்ச் சேர்ந்தவையே அங்கு மலையாகி நின்றன.

கொழும்புக் குப்பையைப் பற்றி மொனராகலையில் இருந்துகொண்டு எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். மலை சிறிதாக இருக்கும்போது பேசினால்தான் பேச்சுக்குப் பயன் உண்டு என்பது என் விடை. நம் சந்தைக்குப் பின்னாலும், பஸ் நிலையத்து மூலையிலும், தோட்டத்துப் பள்ளங்களிலும் சிறு குன்றுகள் முளைத்துவிட்டன. இவற்றைப் பற்றிப் பேச்செடுத்தால், “சபை பெட்டி வைக்கவில்லை” என்கிறார் ஒருவர். “வைத்த பெட்டியில் ஜனங்கள் கண்டதையும் கொட்டுகிறார்கள்” என்கிறார் மற்றொருவர். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால், அந்தப் பெட்டியில் எதைப் போடலாம், எதைப் போடலாகாது என்ற கேள்வியை மட்டும் எவரும் கேட்பதில்லை. எல்லாம் அந்தக் கேள்வியிலேதான் அடங்கியிருக்கிறது என்பது என் கட்சி.

சொல் பழையது, பொருள் புதியது

நம் முன்னோர் மொழியிலே குப்பை என்பது இழிந்த சொல்லன்று. தமிழ்நாட்டுக் கிராமங்களில் வயலுக்குக் குப்பை அடிப்பது என்றால் எரு இடுவது என்றே பொருள். மாட்டுச் சாணமும் அடுப்புச் சாம்பலும் வைக்கோல் துரும்பும் காய்கறித் தோலும் குப்பைக்குழியிலே சேர்ந்து, மக்கி, மண்ணாகி, வண்டியேறி வயலுக்குப் போயின. எதைப் போட்டாலும் மண்ணாகிவிடும் காலத்தில், எதை எங்கே போடுவது என்ற கேள்விக்கே இடமில்லை.

கடல் கடந்து தோட்டங்களுக்கு வந்த நம் பாட்டன்மார் இந்த வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். லயத்துக்குப் பின்னால் மாட்டுத் தொழுவம், அதன் அருகே எருக்குவியல், அதையடுத்து மரக்கறிப் பாத்தி என்று ஓர் ஒழுங்கு இருந்தது. மிச்சமிருந்ததைப் பள்ளத்தில் கொட்டினார்கள். மழை அதை மண்ணோடு மண்ணாக்கியது. அன்றைக்கு அது தவறன்று.

இன்று சொல் அதேதான்; பொருளோ முற்றிலும் வேறு. வாழைப்பழத் தோலும் குப்பை, பற்றரியும் குப்பை. குழந்தைக்குக் கட்டிய அரைக்கச்சையும் குப்பை. உடைந்த கண்ணாடிப் போத்தலும் குப்பை. ஒன்று ஒரு மாதத்தில் மண்ணாகும். மற்றொன்று நம் பேரன் காலத்திலும் கிடந்தபடி கிடக்கும். ஒன்று செடியை வளர்க்கும். மற்றொன்று கிணற்றைக் கெடுக்கும். இத்தனையையும் ஒரே பெயரால் அழைக்கிறோம். பெயர் ஒன்றாக இருப்பதனால் இடமும் ஒன்றாக இருக்கலாம் என்று மயங்குகிறோம். உண்மையில் குப்பை என்று ஒரு பொருளே உலகத்தில் கிடையாது. கலந்தபின் குப்பையாகும் பல பொருள்களே உண்டு.

இதை ஓர் ஆட்சியாளர் உணர்ந்து ஆணை பிறப்பித்து ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. பாரிஸ் மாநகரை உள்ளடக்கிய மாவட்டத்தின் ஆட்சித் தலைவராக இருந்த யூஜீன் பூபெல் என்பவர், 1883-ஆம் ஆண்டில், வீட்டுச் சொந்தக்காரர் ஒவ்வொருவரும் குடியிருப்போருக்கு மூன்று பெட்டிகள் வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அழுகும் பொருள்களுக்கு ஒன்று. காகிதத்துக்கும் துணிக்கும் ஒன்று. கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் சிப்பி ஓடுகளுக்கும் ஒன்று. நகர மக்கள் அவரை வைதார்கள். குப்பை பொறுக்கிப் பிழைத்தோர் தம் பிழைப்புப் போயிற்றென்று கொதித்தார்கள். இன்றைக்கும் பிரெஞ்சு மொழியிலே குப்பைத்தொட்டிக்கு அவர் பெயரே பெயராக நிற்கிறது. ஆனால், மக்கள் பெட்டியை ஏற்றுக்கொண்டார்களே ஒழிய, பிரித்துப் போடும் பழக்கத்தை நெடுங்காலம் ஏற்றுக்கொள்ளவில்லை. நம் நிலையும் இன்று அதுவே.

வாடகைப் பெட்டியும் வாடகை உழவு இயந்திரமும்

மேலை நாடுகளிலே வீடு இடிப்போரும் கட்டுவோரும் பெரிய இரும்புப் பெட்டி ஒன்றை நாள் கணக்கில் வாடகைக்கு எடுத்து வாசலில் வைத்துக்கொள்கிறார்கள். லொறியே தூக்கிக் கவிழ்க்கத்தக்க இத்தகைய பெட்டியை அமெரிக்காவின் நொக்ஸ்வில் நகரத்தைச் சேர்ந்த டெம்ஸ்டர் சகோதரர்கள் 1930-களில் அமைத்தார்கள். பெட்டியை வாடகைக்குக் கொடுப்பவர் கூடவே ஒரு பட்டியலும் கொடுக்கிறார். மரம், கல், ஓடு, பழைய தளபாடம் போடலாம். வர்ணப்பூச்சு, எண்ணெய், பற்றரி, டயர், எரிவாயு உருளை, அஸ்பெஸ்டஸ் போடலாகாது. பட்டியலை மீறினால் பணம் கட்ட வேண்டும். பெட்டியை எடுக்கவே மறுத்துவிடுவதும் உண்டு. பெட்டியின் விலையைக் காட்டிலும் அந்தப் பட்டியலின் மதிப்பே பெரிது என்பேன்.

நம் பக்கத்தில் அந்தப் பெட்டியின் வேலையைச் செய்வது உழவு இயந்திரமும் அதன் பின்பெட்டியும். வீடு திருத்துபவர் ஒருவர் நடை ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசி அதை அமர்த்துகிறார். பட்டியல் மட்டும் கிடையாது. அண்மையில் எங்கள் வீதியில் ஒரு பழைய கட்டடம் இடிக்கப்பட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். செங்கல், கூரைத்தகடு, மருந்துப் போத்தல், வர்ணத் தகரம், மாங்கொப்பு எல்லாம் ஒரே பெட்டியில் ஏறின. சாரதி இறங்கிவந்து, “ஐயா, எங்கே கொட்டுவது?” என்று கேட்டார். வீட்டுக்காரர், “அதற்குத்தானே தம்பி உமக்குக் காசு” என்றார். சாரதி சிரித்துக்கொண்டே போனார். எந்த ஓடைக்கரையில் அது கவிழ்க்கப்பட்டதோ, அந்த ஓடைக்குத்தான் தெரியும்.

வீட்டுக்காரர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலே நம் காலத்து நோய் முழுவதும் இருக்கிறது. காசு கொடுத்துவிட்டால் பொருளின்மேல் நமக்குள்ள பொறுப்பும் போய்விடுகிறது என்று நினைக்கிறோம். பொருள் போவதில்லை, இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

அன்று ஏற்றப்பட்டவற்றுள் கூரைத்தகட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நம் லயங்களுக்கு முதலில் தகரக் கூரை இருந்தது. பின்னர் பல இடங்களில் அஸ்பெஸ்டஸ் தகடு வந்தது. தகடு முழுதாக இருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. உடைத்தாலும் அறுத்தாலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைகள் பறந்து நுரையீரலில் தங்கிவிடும். பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோய் தலைகாட்டும். அஸ்பெஸ்டஸின் எல்லா வகைகளும் புற்றுநோய் விளைப்பனவே என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே அதை நனைத்து, உடைக்காமல் இறக்கி, சுற்றிக் கட்டித் தனியே வைக்க வேண்டும். நாமோ சுத்தியலால் உடைத்துச் சேற்றுவழியில் பரப்பி, அதன்மேல் பிள்ளைகளை நடக்க விடுகிறோம்.

இந்தத் தகட்டுக்கும் நம் தேயிலைக்கும் ஒரு விசித்திரமான தொடர்பும் உண்டு. இலங்கை அஸ்பெஸ்டஸைப் படிப்படியாக நிறுத்த முடிவு செய்திருந்த வேளையில், 2017 டிசம்பரில், அஸ்பெஸ்டஸை நமக்கு விற்கும் ரஷ்யா, தேயிலைப் பொதியிலே ஒரு வண்டைக் கண்டதாகச் சொல்லி நம் தேயிலைக்குத் தடை விதித்தது. இலங்கை தன் முடிவைத் தள்ளிவைத்தது. அம்மாத இறுதியிலேயே தேயிலைத் தடையும் நீங்கியது. வண்டு எப்படி வந்தது, எப்படிப் போயிற்று என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம். கொழுந்து பறிப்பவளின் கூலியும், அவள் தலைக்கு மேலுள்ள கூரையும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டன என்பதை மட்டும் நான் மறக்கவில்லை.

பெட்டிக்குள் இருப்பதை மறைப்பது ஏழை வீட்டுக்காரரின் குற்றம் மட்டுமன்று. 2017-க்கும் 2019-க்கும் இடையில் பிரித்தானியாவிலிருந்து 263 கொள்கலன்கள் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தன. பழைய மெத்தை, தரைவிரிப்பு என்பதே அவற்றின் பெயர். திறந்து பார்த்த சுங்க அதிகாரிகள் உள்ளே வைத்தியசாலைக் கழிவும் இருக்கக் கண்டார்கள். வழக்கு நடந்தது, 2022 பெப்ரவரியில் கடைசிக் கொள்கலனும் திருப்பியனுப்பப்பட்டது. பெரிய நாடு சின்ன நாட்டுக்குச் செய்ததைக் கண்டு நாம் கொதித்தோம், அது நியாயமே. அதே காரியத்தை நாம் யாருக்குச் செய்கிறோம் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

ஒரு கை இருக்கிறது

பெட்டியின் அடியிலே எப்பொழுதும் ஒரு மனிதக் கை இருக்கிறது. நாம் கட்டித் தூக்கியெறியும் பையை அது பிரிக்கிறது. பையில் சவர அலகு இருந்தால் கிழிவது அந்தக் கை. ஊசி இருந்தால் குத்துப்படுவது அந்தக் கை. இந்த நாட்டின் நகரங்களைக் கூட்டிப் பெருக்குவதற்கென்று வெள்ளையர் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்ட குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்னமும் அத்தொழிலில் இருக்கிறார்கள். அவர்களும் நம் மொழி பேசுபவர்கள். நம் கோவிலுக்கு வருபவர்கள். அவர்களைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொள்ளும் நாம், அந்த நாற்றம் நம் வீட்டுப் பையிலிருந்து புறப்பட்டது என்பதை மறந்துவிடுகிறோம். உடைந்த கண்ணாடியைக் காகிதத்தில் சுற்றி வைப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தைக் கொடுக்க மறுப்பது சோம்பலன்று, அவமதிப்பு.

கலப்பதனால் உண்டாகும் நட்டத்தையும் பார்ப்போம். நம் நாட்டுக் குப்பையிலே எடையில் பாதிக்கு மேற்பட்டது அழுகும் பொருள். அதைத் தனியே எடுத்தால் பசளை. 2008-ஆம் ஆண்டில் மத்திய சுற்றாடல் அதிகார சபை ‘பிலிசரு’ என்ற திட்டத்தைத் தொடங்கி, உள்ளூராட்சி மன்றங்கள் பசளைக் கூடங்கள் அமைக்க உதவியது. நல்ல திட்டம். ஆனால், கண்ணாடித் துண்டும் பொலித்தீன் கிழிசலும் கலந்த பசளையை எந்த விவசாயி வாங்குவான்? 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, சேதனப் பசளை எங்கே, எங்கே என்று நாடே அலைந்தது. அவ்வாண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. அதற்குள் விளைச்சல் விழுந்துவிட்டது. அத்தனை நாளும் நம் அடுக்களைகளிலிருந்து பசளைக்கான பொருள் பையில் கட்டப்பட்டுப் பள்ளத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

பள்ளத்துக்குப் போவது பள்ளத்தோடு நிற்பதுமில்லை. யோகட் கோப்பையும் தேங்காய்ச் சிரட்டையும் பழைய டயரும் ஒரு மழைக்கு நுளம்புத் தொட்டிலாகின்றன. 2017-ஆம் ஆண்டில் மாத்திரம் 186,000-க்கு மேற்பட்டோர் இந்நாட்டில் டெங்கு ஐயத்துக்குள்ளானார்கள். நம் அண்டை மாவட்டமாகிய அம்பாறையிலே, பள்ளக்காடு என்னும் இடத்துக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 20 யானைகள் மாண்டன என்று 2022 ஜனவரியில் செய்தி வந்தது. சோற்றின் மணம் ஒட்டிய பொலித்தீனை யானை சோறென்றே எண்ணுகிறது. புத்தல வழியே கதிர்காமம் போகிறவர்கள், வாகனத்தை மறித்து உணவு கேட்கும் யானைகளைப் பார்த்திருப்பார்கள். பழத்தை எறிந்தால் புண்ணியம் என்று நினைக்கிறார்கள்; பழத்தோடு பையையும் எறிகிறார்கள்.

ஊவா மலைகளில் பிறக்கும் மாணிக்க கங்கை கதிர்காமத்தைத் தொட்டு, யால வனத்தைக் கடந்து கடலை அடைகிறது. ஆடித் திருவிழாவுக்குக் கால்நடையாகப் போய் அதில் மூழ்கி எழுகிறோம்; பாவம் போயிற்று என்று மகிழ்கிறோம். மேலே கானில் நாம் எறிந்தது கீழே தீர்த்தத்தில் நமக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கிறது.

சட்டமும் லயமும்

சட்டம் இல்லாமல் இல்லை. 2007-இல் மெல்லிய பொலித்தீன் தடைசெய்யப்பட்டது. 2017 செப்டெம்பரில் சோறு சுற்றும் தாளும், ரெஜிபோம் பெட்டியும், குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதும் தடைசெய்யப்பட்டன. 2023 ஒக்டோபரில் ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் கரண்டியும் தட்டும் உறிஞ்சுகுழலும் தடைக்குள் வந்தன. பிரித்துப் போடுவதற்கு நிறங்களும் வகுக்கப்பட்டிருக்கின்றன: அழுகுவதற்குப் பச்சை, காகிதத்துக்கு நீலம், பிளாஸ்டிக்குக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்குக் கபிலம்.

இத்தனையும் நகரத்துக்கு. தோட்டத்துக்கு? மொனராகலை மாவட்டத்தில் மாநகர சபையோ நகர சபையோ கிடையாது. பிரதேச சபைகளே உண்டு. 1987-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்திலே 33-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவிடுவதற்கு அது தடையென்றே நெடுங்காலம் பொருள் கொள்ளப்பட்டது. தோட்டத்து மக்களின் வாக்கு சபைக்கு வேண்டும். அவர்களுடைய குப்பை மட்டும் சபைக்கு வேண்டாம்! 2018-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு வழி திறந்தது. எனினும், சட்டம் திறந்த வழியில் உழவு இயந்திரம் இன்னும் ஏறிவரவில்லை என்பதே நான் அறிந்த தோட்டங்கள் பலவற்றின் கதை. சபையைக் கேட்டால் தோட்ட நிர்வாகத்தைக் காட்டுகிறார்கள். நிர்வாகத்தைக் கேட்டால் சபையைக் காட்டுகிறார்கள். இரு விரல்களுக்கும் நடுவில் பீலிக்கரையில் பொலித்தீன் மிதக்கிறது. ஈர விறகைப் பற்றவைக்க அந்தப் பொலித்தீனையே அடுப்பில் செருகுகிறார்கள். அதன் நச்சுப் புகை பத்தடிக் காம்பிராவுக்குள் பாலகனின் நெஞ்சில் இறங்குகிறது.

ஆகவே, பிரித்துப் போடுங்கள் என்று தோட்டத்து மக்களுக்கு உபதேசம் செய்வதற்கு முன்னால், பிரித்ததை எடுத்துப்போக வண்டி வேண்டும் என்று சபையிடம் கேட்கும் கடமை எழுதுகிறவனுக்கு உண்டு. அதைக் கேட்கிறேன். தயவாக அன்று, உரிமையாகவே கேட்கிறேன். வாரத்தில் ஒரு நாள், குறித்த நேரத்தில், பிரட்டுக்களத்துக்கு ஒரு வண்டி வர வேண்டும்.

வண்டி வரும்வரை கைகட்டி நிற்கலாமா என்றால், அதற்கும் நான் உடன்படமாட்டேன். யப்பானில் கமிகட்சு என்று ஒரு மலைக்கிராமம் உண்டு. நம் தோட்டங்கள் சிலவற்றைவிடச் சிறிய ஊர். அங்கே குப்பை வண்டியே வருவதில்லை. மக்கள் தாங்களே கொண்டுபோய் ஒரு நிலையத்தில் 45 வகையாகப் பிரித்து வைக்கிறார்கள். 2003-இல், எரிப்பதும் புதைப்பதும் இல்லாத ஊராக ஆவோம் என்று உறுதி பூண்டார்கள். முற்றிலும் எட்டாவிட்டாலும், தங்கள் கழிவில் மிகப் பெரும்பகுதியை மறுபயனுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

லயத்துக் காம்பிராவில் 45 கூடைக்கு இடமேது என்று கேட்பீர்கள். 45 வேண்டாம், 3 போதும். அழுகுவது லயத்துக்குப் பொதுவான குழிக்குப் போகட்டும். மண்ணும் சாணமும் மாறிமாறி இட்டால் மூன்று நான்கு மாதத்தில் மரக்கறிப் பாத்திக்கு எருவாகும். காகிதம், போத்தல், தகரம், கழுவிய பிளாஸ்டிக் ஆகியவை ஒரு சாக்கில் சேரட்டும். பழைய போத்தல் வாங்குபவர் வந்தால் காசாகும். எஞ்சிய மூன்றாவதுதான் ஆபத்தானது: பற்றரி, பாதரசமுள்ள மின்குமிழ், ஊசி, சவர அலகு, மருந்தடித்த வெற்றுக் கலன். அவற்றை மூடியுள்ள தகரம் ஒன்றில் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் சபையையும் கேட்டு ஒப்படைக்க வேண்டும். ஒருபோதும் எரிக்கவோ ஓடையில் விடவோ கூடாது.

கட்டடம் இடிப்பவருக்கும் ஒரு வார்த்தை. உழவு இயந்திரம் அமர்த்தும்போது வாடகை பேசுவதற்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எங்கே கொட்டுவீர்? அங்கே எதைக் கொட்ட அனுமதி உண்டு? கல்லும் மண்ணும் பள்ளம் நிரப்ப உதவும். மரம் அடுப்புக்கு உதவும். இரும்பு விலை போகும். இவை போக மிஞ்சுவது மிகச் சொற்பமே. அந்தச் சொற்பத்துக்காகத்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். சபைகளும், கொட்டும் இடத்தைக் குறித்து, ஏற்பது இன்னது ஏலாதது இன்னது என்று இரு மொழியிலும் எழுதிப் பலகை நாட்ட வேண்டும். பலகை நாட்டப் பெருஞ்செலவு ஆகாது.

பிரிப்பதற்கு ஏற்ற நேரம் ஒன்றே ஒன்றுதான். பொருள் நம் கையில் இருக்கும் நேரம். அடுக்களையில் ஒருத்தி ஒரு விநாடியில் செய்யக்கூடியதை, மேட்டில் பத்துப் பேர் பத்து நாளிலும் செய்ய முடியாது. பெட்டி வேண்டும் என்று கேட்போம். வண்டி வேண்டும் என்று போராடுவோம். அவை வரும் நாளில் அவற்றுள் எதைப் போடுவது என்று அறிந்த மக்களாகவும் இருப்போம். அறியாத ஊருக்கு ஆயிரம் பெட்டி வைத்தாலும், அந்த ஆயிரமும் சேர்ந்து ஒரு மலையாகத்தான் முடியும்.